மாநிலம் தாண்டும் சாமான்கள்: காஞ்சிபுரத்திலிருந்து குறைந்த செலவில் வீடு மாற்றுவது எப்படி?

காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு வேண்டிய பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்து முடித்த சேலைகள் பெங்களூரு, ஐதராபாத் கடைகளுக்குப் போகின்றன. பெட்டியும் மூட்டையுமாகச் சரக்கு மாநில எல்லை தாண்டுவது இந்த ஊருக்கு அன்றாட வேலை. அப்படியிருந்தும், இதே ஊரில் ஒரு குடும்பம் பெங்களூருக்குக் குடிபோக வேண்டும் என்றால், கைப்பேசியில் தேடி முதலில் கண்ணில் படும் ‘பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்’ எண்களை அழைக்கிறது. அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்துப்போகிறது. பட்டு வியாபாரிகள் நெடுநாளாகப் பயன்படுத்தும் பார்சல் லாரி, திரும்பும் வண்டி, ரயில் பார்சல் ஆகியவை குடித்தனக்காரர்களின் நினைவுக்கு வருவதில்லை.

ஊர் மாறும் தேவையோ கூடிக்கொண்டே போகிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பலர் காஞ்சிபுரத்தில் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஓசூர், பெங்களூரு, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி, கியா கார் ஆலை இருக்கும் பெனுகொண்டா என்று மாற்றலோ புது வேலையோ வருகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, பெற்றோரையும் அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்த அத்தியாயம் காஞ்சிபுரம் – பெங்களூரு பயணத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் தூரம் சுமார் 275 கிலோமீட்டர். இங்கே சொல்லப்படும் முறைகள் திருப்பதிக்கும் ஐதராபாத்துக்கும் கொச்சிக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பேரம் பேசி மிச்சமாவது கொஞ்சம்தான். எதை எடுத்துப்போவது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதும், ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய வழியில் அனுப்புவதும், பேசியதை எழுத்தில் வாங்குவதும்தான் உண்மையில் பணத்தைக் காப்பாற்றுகின்றன.

எடுப்பதா, விடுவதா?

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். அறை அறையாக, பரண் உட்பட, இருக்கும் பொருளை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘போகிறது’, ‘விற்கிறோம்’, ‘கொடுக்கிறோம்’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். முடிவு எடுக்காமல் விட்ட பொருள் எல்லாம் கடைசி நாளில் லாரியில் ஏறிவிடும். அதற்கான வாடகையையும் கொடுக்க வேண்டிவரும்.

முடிவெடுக்க உதவும் கணக்கு இது. ‘குட்டி யானை’ என்று எல்லோரும் அழைக்கும் டாடா ஏஸ் வண்டியின் தளம் ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடி அகலம். அதாவது 35 சதுர அடி. அது தாங்கும் எடை சுமார் 750 கிலோ. ஒரு இரும்பு பீரோ நின்ற நிலையில் ஏறத்தாழ நாலரை சதுர அடியை எடுத்துக்கொள்ளும். பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தலா 4 சதுர அடி. சோபா செட் ஒன்று ஏறினால் பாதித் தளம் போய்விடும். ஆக, வண்டி வாடகையை 35-ஆல் வகுத்தால் ஒரு சதுர அடிக்கு என்ன செலவு என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் சோபாவை ஏற்றிச் செல்லும் செலவு எவ்வளவு, அதை இங்கே விற்றால் கிடைப்பது எவ்வளவு, அங்கே பழையதாக ஒன்று வாங்க ஆவது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் சோபா தங்கிவிடும், பீரோ கிளம்பிவிடும். பீரோவின் உள்ளே துணிமணிகளை அடைத்து அனுப்ப முடியும் என்பதால் அது பிடிக்கும் இடம் வீணாவதில்லை.

அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் எடையைத் தின்பவை. தினமும் புழங்குகிற வீடு என்றால் எடுத்துப்போகலாம். தோட்டத்து மூலையில் கிடப்பது என்றால், தனி வீட்டில் இருக்கும் உறவினரிடம் ஒப்படைப்பதே சரி. பழைய இன்வெர்ட்டர் பாட்டரியையும் ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை; புது பாட்டரி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொடுக்கும் வழக்கம் கடைகளில் உண்டு. பிளைவுட் கட்டில், அலமாரி போன்றவை ஒரு முறை கழற்றி மாட்டினாலே திருகாணிகள் இளகிவிடும். தேக்குக் கட்டில் அப்படியல்ல, நான்கு சட்டமாகப் பிரித்துப் பக்கவாட்டில் நிறுத்திவிட்டால் இடமும் பிடிக்காது.

ஒரே வண்டியில் எல்லாம் போக வேண்டியதில்லை

வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரே நிறுவனத்திடம், ஒரே நாளில் ஒப்படைப்பது வசதி. அந்த வசதிக்குத்தான் அதிக விலை. சாமான்களைப் பிரித்து அனுப்ப ஒப்புக்கொண்டால், 14 அடி லாரி வேண்டிய இடத்தில் குட்டி யானை போதும் என்ற நிலை வரலாம்.

முதல் வழி பார்சல் லாரி. வி.ஆர்.எல்., ஏ.பி.டி. போன்ற நிறுவனங்களும் சிறிய உள்ளூர்ச் சேவைகளும் பெட்டிக் கணக்கிலோ எடைக் கணக்கிலோ சரக்கு எடுக்கின்றன. பாத்திரம், துணி, பொம்மை, மிக்ஸி, தையல் இயந்திரம் எல்லாம் இப்படிப் போகலாம். ஆபீஸில் கொண்டுபோய்ப் போட்டு, அந்த ஊர் ஆபீஸில் போய் எடுத்துக்கொள்ளும் முறைதான் மலிவு. வீட்டு வாசலில் வந்து எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் கூடுதல் கட்டணம். சேர வேண்டிய ஆபீஸ் புது வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும். பெங்களூரின் ஒரு கோடியில் வீடு, மறு கோடியில் பார்சல் ஆபீஸ் என்றால் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கே போய்விடும்.

இரண்டாவது வழி ரயில். குடும்பம் எப்படியும் பயணம் செய்யப் போகிறது. அந்த டிக்கெட்டுக்கே இலவச எடை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. நான்கு பேர் ஸ்லீப்பரில் போனால் 160 கிலோ வரை தனிக் கட்டணம் இல்லாமல் எடுத்துச் செல்லலாம். பெட்டியின் அளவு 100 × 60 × 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட எடையை முன்கூட்டியே லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் அனுப்பலாம். பதியாமல் ஏற்றிப் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வரை வசூலிப்பார்கள். காஞ்சிபுரத்தில் ரயில் நிலையம் இருந்தாலும் அது அரக்கோணம் – செங்கல்பட்டுக் கிளைப் பாதையில் இருக்கிறது. பெங்களூரு ரயிலுக்கு அரக்கோணமோ சென்னை சென்ட்ரலோ போக வேண்டும். பெரிய பார்சலைப் பதிய, வண்டி புறப்படும் சென்ட்ரல்தான் நல்லது. இடையில் ஓரிரு நிமிடம் நிற்கும் நிலையத்தில் பீரோவை ஏற்ற முடியாது.

பைக்குக்கும் ரயில் பார்சல் உண்டு. ஆர்.சி. புத்தகம், காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. முகப்பு விளக்கு, டேங்க், கண்ணாடிகளைச் சாக்கு சுற்றிக் கட்டி, புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பெயர், கைப்பேசி எண் எழுதிய அட்டையை வண்டியிலேயே கட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் ‘வார்ஃபேஜ்’ என்ற கிடங்குக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். பெங்களூருக்கு மட்டும் போகிறவர்களுக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது: ஓட்டிப் பழகியவர் பகலில், ஹெல்மெட்டுடன், நடுநடுவே நிறுத்தி ஓய்வெடுத்து ஓட்டிச் செல்வது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது, தபால். புத்தகம் நிறைய உள்ள வீடுகளுக்கு இது உதவும். ஒரு சராசரி அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் 20 கிலோவைத் தாண்டும். லாரியில் எடை கூடும். அடியில் வைத்தால் நசுங்கும். அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான போஸ்ட்’ என்ற சேவையை நடத்துகிறது. கல்வி, சமயம், பண்பாடு சார்ந்த அச்சுப் புத்தகங்களைத் தரைவழியில் 5 கிலோ வரையிலான கட்டுகளாக அனுப்பலாம். தொடக்கக் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்று அறிவிக்கப்பட்டது. கடிதமோ விளம்பரமோ உள்ளே இருக்கக் கூடாது. இப்போதைய கட்டணத்தைத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டுக்கொண்டு, லாரியில் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திரும்பும் வண்டியைப் பிடிப்பது

மீதமுள்ள பெரிய சாமானுக்கு வண்டி வேண்டும். வாடகை ஏன் அதிகமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் குறைக்கும் வழியும் தெரியும். காஞ்சிபுரத்து வண்டிக்காரர் பெங்களூரில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டியிருந்தால், 275 கிலோமீட்டருக்கான வாடகையில் 550 கிலோமீட்டருக்கான டீசலைச் சேர்த்தே கேட்பார். வழியில் சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கட்டணமும் இரண்டு வழிக்கும் விழும்.

அதே நேரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகள் இந்தப் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு நாள்தோறும் திரும்புகின்றன. கோலார் தக்காளி கோயம்பேட்டுக்கு வருகிறது. ஓசூர், பெங்களூரு பகுதிகளில் செய்த உதிரிபாகங்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வருகின்றன. பட்டு நூல் காஞ்சிபுரத்துக்கே வருகிறது. இப்படித் திரும்புகிற வண்டியில் கிடைப்பதுதான் ‘ரிட்டர்ன் லோடு’. காலியாகப் போவதைவிடக் கொஞ்சம் வந்தாலும் லாபம் என்பதால் வாடகை கணிசமாகக் குறையும். நெடுஞ்சாலையில் வெள்ளை கேட் பக்கமுள்ள லாரி புக்கிங் ஆபீஸ்கள், பட்டு நூல் வரவழைக்கும் கடைக்காரர்கள், தொழிற்சாலையின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தெரிந்தவர்கள் ஆகியோரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். நாளில் ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகும் என்பதை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கே இது ஒத்துவரும்.

வண்டியைப் பேசும்போது நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியில் வாடகைக்கு ஏற்றிச் சென்றால் எல்லையில் அபராதம் கட்டி நிற்க நேரும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சிறிய சரக்கு வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை இந்த வகை. அதைவிடப் பெரிய வண்டிக்கு நேஷனல் பெர்மிட் வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் அது எழுதப்பட்டிருக்கும்.

பெரிய நிறுவனங்களிடமே போவதானாலும் ‘பார்ட் லோடு’ உண்டா என்று கேட்கலாம். ஒரே லாரியில் இரண்டு மூன்று குடும்பத்துச் சாமான்கள் ஏறும், செலவு பங்காகும். சாமான் வந்து சேரச் சில நாட்கள் கூடும். அதுவரை சமையலுக்கும் படுக்கைக்கும் வேண்டியதைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். இடையில் லாரி மாற்றி ஏற்றுவார்களா என்று கேட்பதும் அவசியம். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் கண்ணாடிப் பொருளுக்கு ஆபத்து.

நாள் பார்ப்பதில் இருக்கும் மிச்சம்

வாடகை வீடுகள் மாதத்தின் முதல் வாரத்தில் கைமாறும். பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர் மாற்றங்கள் குவியும். அந்த நாட்களில் வண்டிக்கும் லோடுமேன்களுக்கும் தட்டுப்பாடு. மாதத்தின் நடுவில், வார நாளில் கிளம்பினால் பேசுவதற்கு இடம் இருக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறுவதைத் தவிர்க்கின்றன. அதனால் உள்ளூர் வண்டிகளுக்கு அப்போது வேலை குறைவு. நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே இதைப் பயன்படுத்திக்கொள்ள வழி உண்டு: ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு வந்து, சாமான்களை ஆடியில் அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளம்ப வேண்டியிருந்தால் மூடிய கன்டெய்னர் வண்டி தேவை. திறந்த வண்டி என்றால் மேலே மட்டும் தார்பாய் போட்டால் போதாது, தளத்திலும் விரிக்கச் சொல்ல வேண்டும்.

கோயில் நகரத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், வைகாசியில் வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவம் என்று வரிசையாக வரும். வைகாசி உற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை அன்றும், தேர் அன்றும் ராஜ வீதிகளிலும் காந்தி சாலையிலும் லாரி நுழைவதை மறந்துவிடலாம். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் வைபவம் நடந்தபோது வெளியூர் வாகனங்கள் நகருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன. ஆகவே வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் பஞ்சாங்கத்தில் உற்சவ நாட்களையும் பார்த்துவிட வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களின் குறுகிய தெருக்களில் பெரிய லாரி எப்போதுமே நுழையாது. சாமானைச் சிறிய வண்டியில் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இரட்டைக் கூலி யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசியாக வேண்டும்.

பெட்டி கட்டும் கலை

பேக்கிங் பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் ஊரைச் சுற்றி வரலாம். பட்டுக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் கெட்டியான அட்டைப்பெட்டிகள் கிடைக்கும். அரிசி மண்டியில் கோணிப்பை கிடைக்கும். பழைய சேலை, போர்வை, தலையணை எல்லாமே பேக்கிங் பொருள்தான். காசு கொடுத்து வாங்க வேண்டியவை நல்ல அகலமான டேப், கயிறு, பெரிய மார்க்கர் பேனா ஆகிய மூன்று மட்டும்.

உடையும் பொருளைக் கட்டக் கற்றுக்கொள்ள இந்த ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது: அது பொம்மைக்காரத் தெரு. நவராத்திரிக்கு முன்னால் களிமண், காகிதக் கூழ் பொம்மைகள் இங்கிருந்து தூர தேசங்களுக்கெல்லாம் போகின்றன. அவர்கள் கட்டும் முறையின் சாரம் எளிது. நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள்தான் முதலில் உடையும்: கை, வில், வேல், கிரீடத்தின் நுனி. ஆகவே மென்மையான காகிதத்தைக் கசக்கி, கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை முதலில் நிரப்ப வேண்டும். பிறகு செய்தித்தாளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். பெட்டியின் அடியில் வைக்கோலோ கசக்கிய காகிதமோ நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, கனமான பொம்மையை அடியிலும் லேசானதை மேலும் வைத்து, பொம்மைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் அதே அளவு திணிக்க வேண்டும். மூடிய பெட்டியைத் தூக்கி மெல்லக் குலுக்கிப் பார்த்து, உள்ளே எதுவும் அசையாவிட்டால் டேப் ஒட்டலாம். கண்ணாடிப் பாத்திரத்துக்கும் பீங்கான் தட்டுக்கும் இதே முறைதான். தட்டுகளை மட்டும் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்க வேண்டும்.

பட்டுச் சேலைகளை லாரியில் ஏற்றவே கூடாது. சுத்தமான பருத்தி வேட்டியில் சுற்றி, நகைகள், சொத்துப் பத்திரங்கள், சான்றிதழ்களோடு கைப்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கினால் ஜரிகை கறுக்கும். அந்துருண்டை ஜரிகையில் நேரடியாகப் படவும் விடக் கூடாது.

பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் முழுவதும் உருகித் துடைத்த பின் நிறுத்திய நிலையிலேயே ஏற்ற வேண்டும். இறக்கிய உடனே சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் விட வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது கொடுத்த போக்குவரத்து போல்ட்டுகளைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயுள்ள டிரம் ஆடிச் சேதமாகும். கிரைண்டரின் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் சுற்றுவது நல்லது.

ஒவ்வொரு பெட்டியிலும் எண், எந்த அறை, உள்ளே என்ன என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் அதே எண்ணுக்கு எதிரே விவரம் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல்தான் பின்னால் ஏதாவது காணாமல் போனால் கையில் இருக்கும் ஆதாரம்.

தறி வைத்திருப்பவர்களுக்கு

நெசவாளர் குடும்பம் போகும்போது தறியின் எல்லா மரமும் போக வேண்டியதில்லை. குழித்தறியின் குழியும் நட்ட கால்களும் இங்கேயே தங்கும். சட்டத்தைப் போன இடத்தில் புதிதாகச் செய்துகொள்ளலாம். எடுத்துப்போக வேண்டியவை ஜக்கார்டு பெட்டி, பன்னை, நாடா, ராட்டை ஆகியவை. ஜக்கார்டு அட்டைகளை வரிசை மாறாமல் எண் போட்டுக் கட்ட வேண்டும்; ஒன்று இடம் மாறினாலும் டிசைன் கெட்டுவிடும். பன்னையின் பற்கள் வளையாதபடி இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டலாம்.

கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளிக்கோ சொந்தமான பாவு, ஜரிகை, பாதி நெய்த சேலை ஆகியவற்றைக் கணக்கு முடித்துத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனைக்கான புதுச் சேலைகளை வீட்டுச் சாமானோடு கலந்து அனுப்புவது பெரிய தொல்லையில் முடியும். அதற்கான காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

காகிதங்கள்

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட ஜி.எஸ்.டி. சட்டப்படி இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கும் சொந்த உடைமைகளுக்கும் இதிலிருந்து விதிவிலக்கு உண்டு, சி.ஜி.எஸ்.டி. விதி 138-இன் இணைப்பிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ‘இ-வே பில் போட வேண்டும், அதற்குத் தனிக் காசு’ என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ‘இவை எங்கள் வீட்டில் பயன்படுத்திய பொருட்கள், விற்பனைக்கு அல்ல’ என்ற உறுதிமொழிக் கடிதம், பொருள் பட்டியல், ஆதார் நகல், கிடைத்தால் மாற்றல் உத்தரவு அல்லது புது வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் ஒரு பிரதியை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினால் போதும். சீல் பிரிக்காத புது டி.வி.க்கும், விற்பனைச் சேலைக்கும் இந்த விதிவிலக்கு பொருந்தாது. அவற்றுக்கு பில் வேண்டும்.

கோட்டேஷனை எழுத்தில் வாங்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, இரண்டு வீட்டிலும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, சுங்கக் கட்டணம், ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா, எந்த நாளில் சேரும், காத்திருப்புக் கட்டணம். இவற்றில் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் இறக்கும் நேரத்தில் ‘கூடுதல்’ என்று திரும்பி வரும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டுவது ஆபத்து. சாமானைப் பாதி வழியில் நிறுத்திவைத்து மேலும் பணம் கேட்கும் மோசடிகள் நாடெங்கும் நடக்கின்றன. பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டிப் பெயர் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவர்களுடைய பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்டி எண்ணை ‘எம்-பரிவாகன்’ செயலியில் சரிபார்க்கலாம்.

அடுத்தது எல்.ஆர். எனப்படும் சரக்கு ரசீது. இது இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட ஏற்றவிடக் கூடாது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன் விதிகளின்படி, பொருளின் மதிப்பைக் கூடுதலாக அறிவிக்காத நிலையில், சரக்கு ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 400 ரூபாய் வாடகையில் போகும் பெட்டி தொலைந்தால் அதிகபட்சம் 4,000 ரூபாய். உள்ளே 20,000 ரூபாய் சாமான் இருந்தால் மதிப்பை எழுத்தில் அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டுவதே அறிவுடைமை. ரயில்வேயிலும் இதே நிலைதான்: மதிப்பை அறிவிக்காவிட்டால் பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய் என்ற வரம்பு இருக்கிறது.

‘இன்சூரன்ஸ் சேர்த்துத்தான்’ என்று மூவர்ஸ் சொன்னால், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் சான்றிதழ் கேட்க வேண்டும். சிலர் வசூலிக்கும் தொகைக்குப் பின்னால் எந்தப் பாலிசியும் இருக்காது.

ஏற்றும் நாளும் அதற்கு முந்தைய வாரமும்

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும், டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள். அதைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுக்கலாம்; அங்கே அப்போதைய வைப்புத்தொகையைக் கட்ட வேண்டும்.

‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-இல் சேர்ந்தது. முன்னுரிமைக் குடும்ப அட்டையும் அந்த்யோதயா அட்டையும் வைத்திருப்பவர்கள் கர்நாடகக் கடையிலும் தானியம் வாங்கலாம். மற்ற அட்டைகளுக்கு இது பொருந்தாது.

டி.என். 21 பதிவெண் வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குக் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, தேவை. கடன் இருக்கும் வண்டிக்கு வங்கியின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளைகளின் டி.சி.யை வாங்கும்போதே, வெளிமாநிலப் பள்ளிக்குக் கல்வி அலுவலரின் மேலொப்பம் தேவையா என்று கேட்டுவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் ஒன்று இருக்கிறது: லோடுமேன்களின் கூலி. பீரோவை முதுகில் சுமந்து குறுகிய மாடிப்படியில் இறங்குபவரிடம் கடைசி நேரத்தில் நூறு இருநூறுக்குப் பேரம் பேசுவது நியாயமில்லை. கூலியை முந்தின நாளே பேசி முடித்து, வேலை முடிந்த உடனே அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். வெயிலுக்கு முன் காலையிலேயே தொடங்கி, குடிநீரும் தேநீரும் தயாராக வைத்திருந்தால் வேலையும் நிதானமாக நடக்கும், பொருளும் உடையாது. ஏற்றும்போது கனமான பொருள் ஓட்டுநர் அறையை ஒட்டியும், பீரோவும் பிரிட்ஜும் நின்ற நிலையில் கயிற்றால் கட்டியும் இருக்க வேண்டும். வண்டி கிளம்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டுநரின் எண்ணையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கும் இடத்தில்

பெங்களூரில் பெரிய லாரிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாமான் இறக்கவும் லிஃப்ட் பயன்படுத்தவும் தனி அனுமதி கேட்பார்கள், சில இடங்களில் கட்டணமும் உண்டு. வீட்டுக்காரரிடம் முதல் நாளே பேசி நேரத்தை உறுதி செய்துகொண்டால் காத்திருப்புக் கட்டணம் விழாது.

சாமான் இறங்கும்போது வீட்டில் ஒருவர் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று எண்களை அடித்துக்கொண்டே வர வேண்டும். டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடும் முன், உடைந்ததையும் குறைந்ததையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு புகார் சொன்னால் பலன் குறைவு.

இழப்பு இருந்தால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சரக்கு நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; இல்லாவிட்டால் வழக்குத் தொடர முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பேசலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதற்காகக் காஞ்சிபுரத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கெடு இரண்டு ஆண்டுகள். எல்.ஆர். ரசீது, பொருள் பட்டியல், பணம் கட்டிய சீட்டு, எடுத்த படங்கள் ஆகியவற்றை அதுவரை ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள்.